ஹெக்டரின் முறைக்கு நில்டா நின்றாள்

லொரெட்டா சாபோ பேச்சுவார்த்தை மேசையில் வந்து உட்கார்ந்தால், எதிரே இருக்கும் கம்பெனி வக்கீல்கள் தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் யார் சொல்லியும் கேட்டுச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் குறிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பெயர் ஆர்லிஸ் கூம்ஸ். ஏரிக்கரை ஊரான போர்ட் ஹேடனில் ஹல்ஸ்டெட் வால்வு ஆலையில் கிரேன் ஓட்டினேன். எங்கள் சங்கக் கிளைக்கு நான்தான் செயலாளர்.

கிளைத் தலைவி லொரெட்டா மணலில் வார்ப்பு அச்சு செய்யும் பிரிவில் வேலை பார்த்தாள். குள்ளமான உருவம், ஆலை இரைச்சலுக்கு மேலே கேட்கும் குரல். இரண்டு தடவை கல்யாணம் செய்து இரண்டையும் முடித்துக்கொண்டவள். "ஒப்பந்தத்தைச் சரியாப் படிக்காம கையெழுத்துப் போட்டது அந்த ரெண்டு தடவைதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் கிடைத்ததை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் அவள் வளர்த்து வாங்கிக்கொடுத்த மருத்துவக் காப்பீடு ஏரிக்கரையில் வேறெந்த ஆலைக்காரனுக்கும் கிடையாது. அறுவைச் சிகிச்சை, பிரசவம், மருந்து, பல், கண் எல்லாம் அதில் அடக்கம். என் மனைவிக்கு இடுப்பெலும்பு மாற்றியபோது நாங்கள் கொடுத்தது வண்டி நிறுத்துமிடத்துக்கான காசு மட்டும்தான். அந்த நீல அட்டையைப் பர்ஸில் முதல் அறையில் வைத்திருப்போம். லொரெட்டாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அதனால்தான், செவிலியர் சங்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கூட்டத்துக்கு வந்து, நாட்டில் உள்ள எல்லோருக்கும் அரசே வரிப்பணத்திலிருந்து ஒரே காப்பீடு கொடுக்க வேண்டும், நடுவில் காப்பீட்டுக் கம்பெனிகள் வேண்டாம், இதற்கு உங்கள் கிளையும் தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டபோது, லொரெட்டா எழுந்து நின்றாள்.

"எங்க ஆளுங்க இந்த அட்டைக்காகப் பதினாலு வாரம் பனியில நின்னிருக்காங்க. அதைக் கொண்டுபோய் ஊர்ப் பொதுவுல கொட்டுங்கன்னு சொல்றியாம்மா? நல்லா இருக்கு கதை."

கூடம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். அந்தப் பெண் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காப்பிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு நாலு வருஷம் கழித்து, ஒரு அக்டோபர் மாதம், ஆலை புது முதலாளி கைக்கு மாறியது. முதல் வேலையாக அவர்கள் கேட்டது அந்த அட்டையை. காப்பீட்டுத் தொகையில் பாதியைத் தொழிலாளிகளே கட்ட வேண்டும் என்றார்கள். லொரெட்டா ஒன்பது நாள் பேசிப் பார்த்தாள். பத்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தோம்.

அன்று மத்தியானமே கம்பெனிக் கடிதம் எல்லோர் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் தொடங்கிய நிமிஷத்திலிருந்து காப்பீடு ரத்து. வேண்டுமானால் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டி அட்டையை வைத்துக்கொள்ளலாம். முழுத் தொகை என்பது சங்கம் கொடுக்கும் வேலைநிறுத்த உதவியைப்போல இரண்டு மடங்கு. வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குத் திரும்பிய நாளிலிருந்தே அட்டை செல்லும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் மற்ற வரிகளையெல்லாம் எழுதியிருந்தார்கள்.

பெரும்பாலோருக்கு அது கோபமாக மட்டும்தான் இருந்தது. ஹெக்டர் ஒல்மேடாவுக்கு அப்படி இல்லை.

ஹெக்டர் வார்ப்பு இரும்பில் பிசிறு தேய்க்கும் பிரிவில் இருந்தான். நாற்பது வயசு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பம்; அப்பாவும் எங்கள் ஆலைதான். அதிகம் பேசமாட்டான், ஆனால் சங்கக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவிட்டதில்லை. அவன் மனைவி நில்டாவுக்கு மார்பில் புற்றுநோய். கட்டியை எடுத்து, கீமோ மருந்தும் ஏற்றியாகிவிட்டது. முப்பது தடவை ரேடியேஷன் கொடுக்க வேண்டும், நாள் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலைநிறுத்தம் தொடங்கியபோது பதினொன்று முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நில்டா போனபோது, வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அட்டை செல்லவில்லை என்றாள். அந்தப் பெண்ணும் தவித்துப்போய் இரண்டு பேருக்குப் போன் செய்து பார்த்திருக்கிறாள். தேதி தள்ளி வைக்கப்பட்டது. புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை.

லொரெட்டா சும்மா இருக்கவில்லை. சங்கத் தலைமைக்குப் போன் மேல் போன். அவசரச் சிகிச்சைக்கு நிதி உண்டு, விண்ணப்பம் வந்தால் குழு கூடிப் பார்க்கும், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

"புத்துநோய்க்கு உங்க குழு கூடுற தேதி தெரியுமா?" என்று அவள் போனில் கத்தியது மறியல் வரிசையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெக்டர் வந்தான். ஆலை வாசலுக்கு எதிரே பீப்பாயில் விறகு எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தோம். ஏரிக் காற்று முகத்தை அறுத்தது. அவன் நேராக லொரெட்டாவிடம் போனான். நான் அவளுக்கு ஓரடி தள்ளி நின்றேன்.

"நாளைக்குக் காலைல நான் உள்ள போறேன்" என்றான்.

லொரெட்டா பீப்பாயை விட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பின்பக்கமா, ஏரிப்பக்க கேட் வழியா போகலாம்னு சூப்பர்வைசர் சொன்னான். யாருக்கும் தெரியாதுன்னான். எனக்கு அது வேணாம். உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன். திட்டணும்னா திட்டிக்கோங்க."

"நில்டாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

"சனிக்கிழமைக்குள்ள நான் ஏதாச்சும் பண்றேன்னு சொன்னா இருப்பியா?"

"உங்களால முடியுமா?"

லொரெட்டா பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. கம்பெனிக்காரர்களிடம் அவள் அளந்துவிட்ட பொய்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அவனைப் பார்த்து, "முடியாது" என்றாள். பிறகு, "எத்தனை மணிக்குப் போற?" என்று கேட்டாள்.

"ஆறே முக்கால்."

"முன் கேட்டுக்கே வா. நான் இருப்பேன்."

அவன் போனதும் நான் கேட்டேன்: "என்ன செய்யப் போற? மறிக்கப் போறியா?"

"நீ உன் வேலையைப் பாரு ஆர்லிஸ்" என்றாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை அறுபது பேர் வரிசையில் நின்றோம். செய்தி எப்படியோ பரவியிருந்தது. ஹெக்டர் சாப்பாட்டு டப்பாவோடு சாலையைக் கடந்து வந்தான். யாரோ பின்னாலிருந்து, "கருங்காலி!" என்று கத்தினார்கள். இன்னொரு குரல் அவன் அப்பா பெயரை இழுத்தது. நான் கத்தவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் வந்தபோது தரையில் துப்பினேன். அதை இங்கே மறைக்க எனக்கு உரிமையில்லை.

லொரெட்டா வரிசையிலிருந்து வெளியே வந்தாள். கையில் இருந்த கோஷப் பலகையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஹெக்டரின் கையைக் கோத்துக்கொண்டாள், கல்யாணத்தன்று மாதா கோயிலில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பனைப் போல. கேட்டை நோக்கி நடந்தாள்.

"வழி விடுங்க."

ஒருவரும் நகரவில்லை.

"வழி விடுங்கன்னேன். கத்தணும்னா என்னைப் பார்த்துக் கத்துங்க. இவன் போகலை. இவன் பொண்டாட்டி கழுத்துல கயித்தைப் போட்டு இழுக்குறாங்க, அதான் போறான். அந்தக் கயித்தைத் திரிச்சது யாரு தெரியுமா? நான். பதினெட்டு வருஷமா, ஒப்பந்தத்துல பக்கம் பக்கமா, அட்டையை வேலையோட முடிஞ்சு நானே திரிச்சுக் குடுத்தேன்."

நாங்கள் விலகினோம். வேலைநிறுத்தத்தின் தலைவியே ஒருவனைக் கைபிடித்து ஆலைக்குள் அனுப்புவதை அதற்கு முன்னும் நான் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்பட்டதில்லை. கேட்டுக்கு உள்ளே நின்ற கம்பெனி அதிகாரி செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தான். லொரெட்டா அவனைப் பார்த்து, "நல்லா எடு, என் இடது பக்கம்தான் அழகு" என்றாள். திரும்பி வந்து பலகையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். அன்று முழுக்க யாரும் அவளிடம் பேசவில்லை.

எங்கள் கிளையின் பொருளாளர் வால்ட் க்ரூபிச் மட்டும் சாயங்காலம் அவளிடம் போனான். தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த அட்டைக்காகப் பதினாலு வாரம் நின்றவர்களில் மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான். அந்தப் பனியில் இரண்டு கால்விரல்களை இழந்தவன்.

"நீ இன்னிக்கு இந்தப் போராட்டத்தை முடிச்சு வச்சுட்ட லொரெட்டா. திங்கக்கிழமை பாரு, அம்பது பேர் உள்ள போவான்."

"போனாலும் போகலாம்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை ஒருவரும் போகவில்லை. வந்தது நில்டா.

பத்து மணி இருக்கும். ஒரு பழைய கார் வந்து நின்றது. மெலிந்த பெண், தலையில் கம்பளித் தொப்பி, ஹெக்டரின் வேலை ஜாக்கெட். அது அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை இறக்க முடியாமல் இறக்கினாள். துவரையும் பன்றிக்கறியும் போட்ட சோறு. ஆவி பறந்தது.

"இங்க யாரு கையெழுத்து வாங்குறது?" என்று கேட்டாள்.

மறியல் பட்டியல் என் கையில் இருந்தது. "நான்தான். என்ன வேணும்மா?"

"ஹெக்டர் ஒல்மேடாவுக்கு எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

"அவன் பேரை அடிச்சாச்சு."

"திரும்ப எழுதுங்க. அவர் முறைக்கு நான் நிக்கிறேன்."

சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபர்னஸ் உலையில் வேலை செய்யும் டோனெல், "உன் புருஷன் உள்ள கம்பெனிக்கு வேலை செய்யுறான், நீ வெளிய எங்களோட நிப்பியா?" என்றான்.

"அந்தாளு வாரத்துக்கு நாப்பது மணி நேரம் உள்ள இருக்காரு. நானும் நாப்பது மணி நேரம் வெளிய நிக்கிறேன். கம்பெனிக்கு லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. போதுமா?" மூச்சு வாங்கியது அவளுக்கு. "எங்கிட்ட சொல்லாமப் போனாரு. சனிக்கிழமை முழுக்க வீட்ல சண்டை. என் நோயைக் காட்டி உங்களை வாங்கிட்டாங்களேன்னு கேட்டேன். ஆனா இன்னிக்குக் காலைல போய்ப் படுத்துக் கரண்ட் வச்சுக்கிட்டுதான் வர்றேன். பன்னெண்டாவது. வேணாம்னு சொல்ல எனக்கும் தைரியம் வரலை. அதனால அவரைக் கருங்காலின்னா என்னையும் சேர்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டு, சோறு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க."

டோனெல் போய்ப் பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கினான்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். சிகிச்சை முடிந்து நேராக வருவாள். முதலில் நாலு மணி நேரம், பிறகு களைப்பு கூடக்கூட இரண்டு, ஒன்று. நாற்காலி போட்டுக் கொடுத்தோம், உட்காரமாட்டாள். "உக்காந்தா மறியல் இல்ல, பூங்கா" என்பாள். தோல் வெந்து சட்டை பட்டால் எரியும் நாட்களில் மட்டும் காரிலேயே இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிப் பலகையை வெளியே நீட்டிப் பிடித்திருப்பாள். கம்பெனிச் சரக்கு லாரிகள் வந்தால் நீளமாக ஹாரன் அடிப்பாள்.

பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கணவன் உள்ளே, மனைவி வெளியே என்று செய்தி மாநிலம் முழுக்கப் போனது. வால்ட் சொன்ன ஐம்பது பேர் கடைசிவரை உள்ளே போகவில்லை. உள்ளே போக நினைத்திருந்த இரண்டு மூன்று பேர், அந்தப் பெண் நிற்கும்போது எப்படி அவளைத் தாண்டிப் போவது என்று தயங்கி நின்றுவிட்டதாகப் பிறகு என்னிடமே சொன்னார்கள். ஆறாவது வாரம் கம்பெனி இறங்கி வந்தது. அட்டை பழையபடி நிலைத்தது. அதற்காகச் சம்பள உயர்வை விட்டுக்கொடுத்தோம், எப்போதும்போல.

நில்டாவின் முப்பதாவது சிகிச்சை, வேலைநிறுத்தம் முடிவதற்கு முந்தின வாரம் முடிந்தது.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம் கிளைக் கூட்டம். முதல் விஷயம் ஹெக்டர். மறியலைத் தாண்டியவனை அபராதம் போட்டு விலக்கி வைப்பது எங்கள் சட்டம். ஹெக்டர் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

லொரெட்டா எழுந்தாள்.

"இவனைத் தண்டிக்கிறதுக்கு முன்னாடி என்னைத் தண்டிக்கணும், கேட்டுவரைக்கும் கொண்டுபோய் விட்டவ நான். அது ஒண்ணு. இன்னொண்ணு, என்கிட்ட ஒரு தீர்மானம் இருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நர்ஸ் பொண்ணு கொண்டுவந்தா, நான் அவளைக் கேலி பண்ணி அனுப்பினேன். போன வாரம் அவ வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிட்டு வந்திருக்கேன். நாட்ல இருக்குற எல்லாருக்கும் ஒரே காப்பீடு. வேலை இருந்தாலும், இல்லாட்டியும், ஸ்ட்ரைக்ல இருந்தாலும். இதை நம்ம கிளை ஆதரிக்கணும்."

வால்ட் மெதுவாக எழுந்தான். அவனுக்கு நடப்பது கஷ்டம். ஆனாலும் முன்னால் வந்தான்.

"ஹெக்டரை விட்டுடலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா இந்தத் தீர்மானம் வேணாம். நம்ம அட்டையை நாம வாங்கினோம். என் ரெண்டு விரல் அதுல இருக்கு. அரசாங்கம் என்ன குடுக்கும்னு யாருக்குத் தெரியும்? கையில இருக்குறதைவிட மட்டமா குடுத்தா? அப்புறம் இன்னொண்ணு. சங்கத்துல ஆள் ஏன் சேர்றான்? இந்த அட்டைக்காகத்தான். அது எல்லாருக்கும் சும்மா கிடைச்சா நம்மகிட்ட எவன் வருவான்?"

நியாயமான கேள்விதான். கூடத்தில் பாதித் தலைகள் ஆடின.

"வால்ட், நீ வாங்கினது உண்மை" என்றாள் லொரெட்டா. "உன் விரலை நான் மறக்கலை. ஆனா அவங்க ஒரு காகிதம் அனுப்பினாங்க, திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள எல்லாம் போயிடுச்சு. நம்ம பொருளா இருந்தா அப்படிப் போகுமா? அது இரவல். ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் நான் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அந்த இரவலைக் காப்பாத்தியிருக்கேன். அட்டை மேசையில இல்லாட்டி நான் அவங்ககிட்ட என்னென்ன கேட்டிருப்பேன் தெரியுமா? சம்பளம் கேட்டிருப்பேன். ஃபர்னஸ்காரனுக்கு அம்பத்தஞ்சு வயசுல ஓய்வு கேட்டிருப்பேன். ஆள் அதுக்கு வரமாட்டானா?"

"எனக்கு ஒத்துக்க முடியலை" என்றான் வால்ட். போய் உட்கார்ந்தான்.

ஹெக்டர்மீது நடவடிக்கை வேண்டாம் என்பது ஏகமனதாக முடிவானது. தீர்மானம் எண்பத்தொன்பதுக்கு அறுபத்திரண்டு என்று நிறைவேறியது. அறுபத்திரண்டில் வால்ட் ஒருவன்.

மாநில மாநாடு அடுத்த செப்டம்பரில், கொலம்பஸில் ஒரு ஓட்டல் மண்டபத்தில். அறுநூறு பிரதிநிதிகள். எங்கள் கிளையிலிருந்து லொரெட்டா, வால்ட், நான். நில்டா தன் செலவில் வந்து பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்தாள். முடி காதளவு வளர்ந்திருந்தது.

தீர்மானக் குழு எங்கள் காகிதத்தை, "நிர்வாகக் குழுவின் மேல் பரிசீலனைக்கு" என்று பரிந்துரைத்திருந்தது. மேல் பரிசீலனைக்குப் போன எந்தக் காகிதமும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. விவாதத்துக்கு இரண்டு மைக். ஒன்று ஆதரிப்பவர்களுக்கு, ஒன்று எதிர்ப்பவர்களுக்கு. ஆதரவு வரிசையில் லொரெட்டா ஒன்பதாவது ஆள். எட்டாவது ஆள் பேசி முடித்ததும் தலைவர் சுத்தியலைத் தட்டினார்.

"ஆதரவுத் தரப்பு நேரம் முடிஞ்சுது. எதிர்த் தரப்பில கடைசியா ஒருத்தர். அப்புறம் ஓட்டெடுப்பு."

எதிர்ப்பு மைக்கில் நின்றது வால்ட். இரண்டு விரல் கதையை அவன் சொன்னால் மண்டபம் அழும், தீர்மானம் அதோடு சரி.

"தலைவரே, வால்ட் க்ரூபிச், போர்ட் ஹேடன். நான் இந்தத் தீர்மானத்துக்கு எதிரி. கிளையில எதிர்த்து ஓட்டுப் போட்டேன், இன்னிக்கும் போடுவேன்."

"சொல்லுங்க சகோதரரே, மூணு நிமிஷம்."

"அந்த மூணு நிமிஷத்தை அந்தப் பக்கம் நிக்கிற சகோதரி சாபோவுக்குக் குடுக்குறேன்."

மண்டபம் சலசலத்தது. தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். "எதிர்க்கிறவர் நேரத்தை ஆதரிக்கிறவருக்குக் குடுக்க விதியில இடமில்ல சகோதரரே."

"இடமில்லைன்னு எந்த விதி சொல்லுதுன்னு காட்டுங்க. நான் நிக்கிறேன். எனக்கு எட்டு விரல்தான், ஆனா நல்லா நிப்பேன்."

சிரிப்பு எழுந்தது. பிறகு பின்பக்கத்திலிருந்து, "பேச விடு!" என்று ஒரு குரல். அப்புறம் பத்து, அப்புறம் நூறு. தலைவர் கையை விரித்தார்.

லொரெட்டா எழுதி வைத்திருந்த காகிதத்தை எடுக்கவே இல்லை. ஹெக்டரைக் கைபிடித்துக் கேட்டைத் தாண்டவிட்டதைச் சொன்னாள். மிகைப்படுத்தவில்லை. நில்டா பெரிய ஜாக்கெட்டில் வந்து பட்டியல் கேட்டதைச் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"நான் நல்ல பேச்சுவார்த்தைக்காரின்னு எல்லாரும் சொல்வாங்க. இருநூத்துப் பன்னெண்டு குடும்பத்துக்கு வாங்கிக் குடுத்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களை எட்டிப் பாக்கலை. எங்க ஆலை வாசல்ல கறி அடைச்ச பலகாரம் பொரிச்சு விக்கிற அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலை எடுத்துட்டாங்க. பதினெட்டு வருஷம் அவங்ககிட்ட வாங்கித் தின்னிருக்கேன், டாக்டரைப் பாத்தீங்களான்னு ஒரு நாள் கேட்டதில்ல. நமக்கு இருக்குன்னு நெனச்சிருந்தேன். கடைசியில நமக்கும் இல்ல. ஒரு பொம்பளை உடம்பு முடியாம இருக்குறதை வச்சு அவ புருஷனோட போராட்டத்தை முறிக்க முடியுதுன்னா, அந்த ஆயுதத்தை அவங்க கையிலேர்ந்து புடுங்குறதுதான் சங்கத்தோட வேலை. எனக்கு இது தாமதமாத்தான் புரிஞ்சுது. உங்களுக்காவது சீக்கிரம் புரியட்டும்."

இன்னும் நாற்பது விநாடி மிச்சமிருந்தது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். முந்நூற்றுப் பதினொன்றுக்கு இருநூற்று எண்பத்து நாலு. மேல் பரிசீலனை தோற்றது, தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்களோடு வால்ட் எழுந்து நின்றான், தலையை நிமிர்த்தி. முடிவு சொன்னதும் பார்வையாளர் பகுதியிலிருந்து நில்டா இறங்கி ஓடிவந்து முதலில் கட்டிப்பிடித்தது அவனைத்தான்.

"விடும்மா, நான் தோத்தவன்" என்றான் வால்ட்.

"தெரியும். அழகாத் தோத்தீங்க."

இதனால் நாட்டில் எல்லோருக்கும் காப்பீடு வந்துவிட்டதா என்றால், வரவில்லை. மாநில சட்டசபையில் அப்படியொரு மசோதா வந்தது, அதை ஆராய ஒரு குழு கூடியது. லொரெட்டா போய் ஐந்து நிமிஷம் சாட்சி சொன்னாள். மசோதா அந்தக் குழுவைத் தாண்டவில்லை. அடுத்த வருஷமும் தாண்டவில்லை. ஆனால் எங்களுக்குப் பிறகு அச்சுத் தொழிலாளர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இரும்பு வேலைக்காரர் என்று ஒவ்வொரு கிளையாகத் தீர்மானம் போட்டார்கள். எத்தனை என்று லொரெட்டாவிடம் கேட்டால் பட்டியலை ஒப்பிப்பாள்.

ஹெக்டரோடு ஒரு வருஷம் சிலர் பேசவில்லை. உணவறையில் தனியாகத்தான் சாப்பிட்டான். நான் அவன் எதிரே போய் உட்கார எட்டு மாசம் ஆயிற்று. அன்று காலை நான் செய்த காரியத்தைச் சொல்லி, மன்னித்துக்கொள் என்றேன். வாயில் ரொட்டியோடு என்னைப் பார்த்தான்.

"தெரியும் ஆர்லிஸ். பூட்ஸ் மேல பட்டுச்சு."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லி என்ன பண்ண? என் பூட்ஸ் ஏற்கெனவே அழுக்கு." அவன் சாப்பாட்டிலிருந்து பாதி வாழைக்காய் வறுவலை என் பக்கம் தள்ளினான்.

நில்டாவுக்குச் சிகிச்சை முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. டாக்டர் இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்கிறார். லொரெட்டா ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனால் வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. அவளும் நில்டாவும், தீர்மானம் போடச் சொல்லி, மாசத்துக்கு இரண்டு கிளைக்காவது போகிறார்கள். சில ஊரில் நாற்பது பேர் வருவார்கள், சில ஊரில் ஏழு பேர். ஏழு பேர் வந்தாலும் லொரெட்டா எழுந்து நின்றுதான் பேசுவாள். நில்டா பேசுவது கொஞ்சம். கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவள்தான், கோபமாகக் கேட்பவர்களுக்கு ரொம்பப் பொறுமையாக.

போன மார்ச்சில் லொரெட்டா போன் செய்தாள்.

"ஆர்லிஸ், உன் வண்டி ஓடுதா?"

"ஓடுது. ஏன்?"

"நில்டா வண்டியில ஹீட்டர் போச்சு. சனிக்கிழமை டொலீடோ போகணும், ரொட்டி ஆலைக்காரங்க கூப்பிட்டிருக்காங்க."

"எத்தனை பேர் வருவாங்க?"

"பன்னெண்டு பேர்ங்குறாங்க. பனி கொட்டுதாம், அதனால எட்டுன்னு வச்சுக்கோ. ஏழு மணிக்கு வாசல்ல நில்லு, ஹாரன் அடிக்காத, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்."

ஆறே முக்காலுக்கே போய் நின்றேன். இருவரும் ஏற்கெனவே வாசலில் காகிதக் கட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.